பூ காட்டும் நாளும் பஞ்சாங்கம் காட்டும் நாளும்: ஜப்பானிய வசந்த விழாக்கள்

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்களில் ஜப்பான் போய்வரும் குடும்பங்கள் இப்போது நிறைய. முன்பு சிங்கப்பூர், மலேசியா என்று இருந்த சுற்றுலா டோக்கியோ, கியோத்தோ என்று நீண்டுவிட்டது. ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: சகுரா, அதாவது செர்ரிப் பூ பார்க்க வேண்டும். ஆறு மாதம் முன்னாலேயே டிக்கெட் எடுத்து, பிள்ளைகளின் பரீட்சை முடிந்த கையோடு கிளம்பிப் போய் இறங்கினால், மரம் மொட்டாகவே நிற்கும். இல்லாவிட்டால் இதழெல்லாம் கொட்டி இலை விட்டிருக்கும். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு இது லட்சக்கணக்கில் கையைக் கடிக்கும் காரியம். ஆகவே அந்த நாட்டில் வசந்தம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று கொஞ்சம் விளங்கிக்கொண்டு போவது நல்லது.

ஜப்பானிய வசந்தத்துக்கு இரண்டு கணக்கு உண்டு. ஒன்று மரத்தின் கணக்கு. அது யாருக்கும் கட்டுப்படாது. மற்றொன்று பஞ்சாங்கத்தின் கணக்கு. அது ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழகிய ஒழுங்கு. நம்மவர்கள் முதல் கணக்கை நம்பிப் பணத்தைப் போடுகிறார்கள், இரண்டாவதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. என் வியாபாரிப் புத்திக்கு இது தலைகீழாகத் தெரிகிறது.

முதலில் மரத்தைப் பார்ப்போம். இன்று ஜப்பானின் பூங்காக்களிலும் ஆற்றங்கரைகளிலும் நாம் காணும் செர்ரியில் பெரும்பகுதி சொமெய் யோஷினோ என்ற ஒரே வகை. விதையால் அல்ல, ஒட்டுக் கட்டியே பெருக்கப்பட்டது. எல்லாம் ஒரே மரத்தின் நகல்கள் என்பதால்தான் ஓர் ஊரில் உள்ள மரங்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல ஒன்றாகப் பூக்கின்றன, ஒன்றாகவே உதிர்கின்றன. பூமொட்டு முந்திய கோடையிலேயே உருவாகிவிடும். பிறகு அது உறங்கும். அந்த உறக்கம் கலைய மாரிக்காலக் குளிர் வேண்டும். கலைந்த பின் மலர வெயில் வேண்டும். குளிர் குறைந்தாலும் தாமதம், மார்ச் வெயில் கூடினால் அவசரம். டோக்கியோவில் யசுகுனி ஆலய வளாகத்தில் உள்ள ஒரு குறிப்பிட்ட மரத்தை வானிலைத் துறையினர் பார்த்து, அதில் ஐந்தாறு பூ விரிந்ததும் ‘மலர்ந்தது’ என்று அறிவிப்பார்கள். நூற்றுக்கு எண்பது விரிந்தால் முழு மலர்ச்சி. முதல் பூவிலிருந்து முழு மலர்ச்சிக்கு ஏறக்குறைய ஒரு வாரம். அதன் பின் இன்னொரு வாரத்தில் எல்லாம் தரையில். இடையில் ஒரு காற்றுமழை வந்தால் அந்த வாரமும் போச்சு.

டோக்கியோ மரம் 2023இல் மார்ச் 14 அன்று மலர்ந்தது. மறு ஆண்டு, 2024இல், மார்ச் 29. பதினைந்து நாள் வித்தியாசம்! முந்திய ஆண்டைப் பார்த்து டிக்கெட் எடுத்தவர் கதி என்ன? கியோத்தோவில் இன்னும் வியப்பான கணக்கு இருக்கிறது. அரசவை நாட்குறிப்புகளிலும் துறவிகளின் ஏடுகளிலும் எழுதிவைத்த பூக்காட்சி நாட்களைத் திரட்டி, கி.பி. 812ஆம் ஆண்டிலிருந்து அங்கே செர்ரி பூத்த நாட்களை ஆய்வாளர்கள் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். (அந்தப் பழைய குறிப்புகளில் வருவது மலைச் செர்ரி; சொமெய் யோஷினோ பின்னால் வந்தது.) அந்த வரிசையில் 2021ஆம் ஆண்டு மார்ச் 26இல் முழு மலர்ச்சி கண்டது. அதற்கு முன் மிக முந்திய நாள் 1409இல், மார்ச் 27. அறுநூறு ஆண்டு நின்ற கணக்கு உடைந்தது. 2023இல் அதற்கும் முன்பே பூத்துவிட்டது. பூமி சூடாகிறது என்பதற்கு இதைவிட அழகான சாட்சியும் இல்லை, வருத்தமான சாட்சியும் இல்லை.

இனிப் பஞ்சாங்கம். 1872 வரை ஜப்பானியர் சந்திர மாதத்தைச் சூரியனோடு இசைத்துக் கணிக்கும் முறையையே பின்பற்றினர். அவ்வாண்டின் பன்னிரண்டாம் மாதம் இரண்டாம் தேதிக்கு மறுநாள், 1873 ஜனவரி 1 என்று அரசு ஒரே போடாகப் போட்டுவிட்டது. காரணம் மேல்நாட்டாரோடு ஒத்துப்போவது மட்டுமல்ல. பழைய கணக்கில் அடுத்த ஆண்டு அதிக மாதம் சேர்ந்து பதின்மூன்று மாதச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும். புதுக் கணக்கில் அது பன்னிரண்டு. இரண்டு நாளோடு முடிந்துபோன பழைய பன்னிரண்டாம் மாதத்துக்கும் சம்பளம் கிடையாது. கஜானா வறண்டிருந்த அரசுக்கு ரெண்டு மாதச் சம்பளம் மிச்சம். கணக்குப்பிள்ளை மூளை என்றால் இதுதான்!

ஆனால் விழாக்கள் என்ன ஆவது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. சில விழாக்கள் மாதத்தின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டன. மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் என்ற பழைய பொம்மை விழா, மார்ச் 3 ஆகிவிட்டது. இதற்குப் பீச்சுப் பூ விழா என்றும் பெயர். பழைய கணக்கில் அந்த நாள் பெரும்பாலும் ஏப்ரலில் வரும், அப்போது பீச்சு மரம் பூத்திருக்கும். மார்ச் 3இல் ஏது பீச்சுப் பூ? ஆகவே சூடேற்றிய கூடத்தில் வைத்து முன்கூட்டிப் பூக்கவைத்த கிளைகளைப் பூக்கடைகளில் வாங்கி வைக்கிறார்கள். சில ஊர்களில் மட்டும் ஒரு மாதம் தள்ளி ஏப்ரல் 3இல் கொண்டாடுகிறார்கள்.

ஹினாமட்சுரி எனப்படும் இந்த விழாவை நம் வீட்டுப் பெண்கள் பார்த்தால் விடமாட்டார்கள். நம் கொலுவேதான்! பெண்குழந்தை உள்ள வீட்டில் சிவப்புத் துணி விரித்த படிகள், முழு அளவில் ஏழு. மேல்படியில் அரசனும் அரசியும், கீழே பணிப்பெண்கள், இசைக்கலைஞர்கள், அமைச்சர்கள் என்று பதினைந்து பொம்மை. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்லவரவில்லை. ஒத்த மனம் ஒத்த வழக்கத்தைப் பெறும், அவ்வளவுதான். விழா முடிந்த பின் பொம்மையை எடுத்துவைக்கத் தாமதித்தால் பெண்ணுக்குக் கல்யாணம் தாமதமாகும் என்று அங்கேயும் பாட்டிமார் சொல்வார்கள். டோக்கியோவுக்குக் கிழக்கே சிபா மாநிலத்துக் கட்சுவுரா ஊரில் ஓர் ஆலயத்தின் அறுபது கற்படிகளிலும் பொம்மைகளை அடுக்குவார்கள். பிப்ரவரிக் கடைசியில் தொடங்கி மார்ச் 3 வரை நடக்கும்.

வேறு சில சடங்குகள் எண்ணை விட்டுவிட்டுப் பருவத்தைப் பிடித்துக்கொண்டன. அவற்றில் தலையாயது நாரா நகரத்துத் தோதாய்ஜி ஆலயத்தின் ஷுனிஎ. பெயரின் பொருள் ‘இரண்டாம் மாதக் கூட்டம்’. நடக்கும் மண்டபத்தின் பெயரே நிகட்சுதோ, இரண்டாம் மாத மண்டபம். ஆனால் நடப்பதோ மார்ச் 1 முதல் 14 வரை! பழைய இரண்டாம் மாதம் எந்தப் பருவத்தில் வந்ததோ அதையே விடாமல் வைத்துக்கொண்டார்கள். இதை நான் ஜப்பானிய வசந்தத்தின் உச்சம் என்று கருதுகிறேன். செர்ரிக்குக்கூட இரண்டாம் இடம்தான்.

752ஆம் ஆண்டு தொடங்கியது. ஒரு வருஷம்கூட நின்றதில்லை. 1180இலும் 1567இலும் போரில் ஆலயம் எரிந்தது. 1667இல் இந்தச் சடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே நிகட்சுதோ மண்டபம் தீப்பிடித்து அழிந்தது. அப்போதும் பக்கத்து மண்டபத்தில் நடத்தினார்கள். 2021இல் கொரோனா காலத்திலும் நடந்தது. பதினொரு துறவிகள் தாளால் ஆன ஆடை அணிந்து, பதினொரு முகம் கொண்ட கன்னோன் என்னும் போதிசத்துவர் முன்னே, மக்கள் எல்லோரும் செய்த குற்றங்களுக்காகத் தாங்கள் மன்னிப்புக் கேட்கிறார்கள். சமணத்தில் நாம் செய்யும் பிரதிக்கிரமணம் நினைவுக்கு வரும். ஆனால் பிரதிக்கிரமணத்தில் அவரவர் குற்றத்தை அவரவர் அறிக்கையிடுகிறோம். அங்கே ஊருக்காகப் பதினொருவர் சுமக்கிறார்கள். இந்த வேற்றுமை பெரிது.

பயணிகள் பார்ப்பது தீப்பந்தம். இருட்டியதும் நீண்ட மூங்கில் பந்தங்களை ஏந்தி மேல்தளத்து விளிம்பில் ஓடுவார்கள். பொறி மழையாகக் கொட்டும். அந்தப் பொறி மேலே பட்டால் அந்த ஆண்டு நோய் அணுகாது என்பது நம்பிக்கை. 12ஆம் தேதி பந்தங்கள் மிகப் பெரியவை, ஒவ்வொன்றும் எழுபது கிலோ. கூட்டமும் அன்றுதான் தாங்காது. குழந்தைகளோடு போகிறவர்கள் முதல் வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அன்றும் பந்தம் பத்து உண்டு, நிற்க இடமும் உண்டு. மண்டபத்தின் உள்ளே பெண்களுக்கு அனுமதி இல்லை. சுற்றி உள்ள வெளியறைகளில் அமர்ந்து ஓதுவதைக் கேட்கலாம். 12 கழிந்து 13 விடியுமுன் நள்ளிரவுக்குப் பின் கிணற்றிலிருந்து நீர் முகப்பார்கள். அதனாலேயே ஒமிசுதோரி, நீர் எடுத்தல், என்று மக்கள் வழங்குகிறார்கள். அந்த நீருக்கு ஒரு கதை. வாக்காசா நாட்டுத் தேவன் ஒருவன் மீன் பிடித்துக்கொண்டிருந்து சபைக்கு நேரங்கழித்து வந்தானாம். அதற்குப் பரிகாரமாகத் தன் நாட்டு நீரைப் பூமிக்கடியில் அனுப்புவதாக வாக்களித்தான். இன்றும் மார்ச் 2 அன்று வாக்காசாவின் ஓபாமா ஊரில் ஆற்றில் நீர் வார்க்கிறார்கள். பத்து நாளில் நாரா வந்து சேருமாம். மீன் பிடித்ததற்கல்ல, தாமதத்துக்குத்தான் பரிகாரம் என்பது என் போன்றவனுக்குக் கொஞ்சம் உறுத்துகிறது!

இதே ஆலயத்தில் நமக்கு உண்மையான உறவு ஒன்று உண்டு. அதே 752இல் இங்குள்ள மாபெரும் புத்தர் சிலைக்குக் கண் திறந்துவைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. 736இல் ஜப்பான் வந்தவர். ஜப்பானியப் பழைய ஏடுகள் அவரைத் தென்னிந்திய அந்தணர் என்கின்றன. அவரைத் தமிழர், மதுரைக்காரர் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். ஏடு சொல்லும் அளவோடு நிற்பதே முறை. அவர் கண் எழுதிய தூரிகையில் கட்டிய நீண்ட கயிற்றைக் கூடியிருந்தோர் எல்லாம் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தூரிகையை இன்றும் ஷோசோயின் கருவூலத்தில் காத்துவருகிறார்கள்.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடலாம். பிப்ரவரி 3இல் வறுத்த சோயாப் பருப்பை வீசிப் பேயை விரட்டும் செட்சுபுன். இது சூரியக் கணக்கு. 2021இலும் 2025இலும் பிப்ரவரி 2இல் வந்தது. மார்ச் 20 ஒட்டிச் சமபகல் நாளை நடுவில் வைத்து ஏழு நாள் ஹிகன், முன்னோர் கல்லறை காணும் வாரம். அந்தச் சமபகல் நாளை வானியலார் கணிக்க, முந்திய ஆண்டு பிப்ரவரியிலேயே அரசிதழில் வெளியிடுவார்கள். ஏப்ரல் 8 புத்தர் பிறந்த நாள். பூமண்டபத்தில் குழந்தைப் புத்தருக்கு இனிப்பு மூலிகைத் தேநீரால் அபிஷேகம், பயணிகளும் அகப்பையால் வார்க்கலாம். தீர்த்தங்கரரின் ஜன்மாபிஷேகம் அறிந்த நமக்கு விளக்கமே வேண்டாம். ஏப்ரல் 14, 15 தக்காயாமா மலையூரில் பன்னிரண்டு தேர். மூன்றில் கயிற்றால் ஆடும் பொம்மைகள். மழை வந்தால் தேர் வெளியே வராது. ஏப்ரல் முழுவதும் கியோத்தோவில் மியாக்கோ ஓதோரி நாட்டியம், 1872இல் தொடங்கியது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் வீட்டில் கேள்வி வரும். காய்கறி சூப் என்று கொடுப்பதிலும் உலர்ந்த மீன் சீவலில் இறக்கிய சாறுதான் அடிப்படை; ‘மாமிசம் இல்லை’ என்று சொன்னால் போதாது, மீன்சாறும் வேண்டாம் என்று எழுதிக் காட்டுங்கள். ஆலயங்களில் கிடைக்கும் ஷோஜின் ரியோரி துறவிகள் உணவு. மரபுப்படி சமைத்தால் அதில் மீன் இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை. ஆனால் முள்ளங்கி, கேரட், தாமரைக் கிழங்கு உண்டு. கிழங்கு விலக்குகிறவர்கள் கவனிக்கவும். பருவப் பலகாரங்களில் செர்ரி இலையில் சுற்றிய சகுராமோச்சி, ஹிகனுக்குரிய பொதாமோச்சி இரண்டும் இனிப்புப் பயறு சேர்ந்தவைதான்.

எப்போது போவது? பிள்ளைகளுக்கு மார்ச் கடைசியில்தான் விடுமுறை என்றால் டோக்கியோவுக்கும் கியோத்தோவுக்கும் போங்கள். பூ கிடைத்தால் லாபம். பத்து நாள் தங்கினால் மலைப்பாங்கான இடத்துக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். யோஷினோ மலையில் அடிவாரத்தில் உதிரும்போது உச்சியில் மலரும். ஏப்ரல் பிற்பகுதி என்றால் வடக்கே ஹிரோசாக்கிக் கோட்டை. அங்கும் இப்போது முன்னைவிட முந்திப் பூக்கிறது. ஏப்ரல் 29 முதல் மே 5 வரை தொடர் விடுமுறை; நாடே ரயிலில் இருக்கும், விடுதி வாடகை ஏறும், அந்த வாரம் வேண்டவே வேண்டாம். மே மாத விடுமுறைதான் வாய்க்கும் என்றால் குறை ஒன்றுமில்லை. மே 15இல் கியோத்தோவில் அவோய் விழா. ஐந்நூறு பேருக்கு மேல் ஆயிர ஆண்டுக்கு முந்திய அரசவை உடையில், தலையிலும் வண்டியிலும் அவோய் இலை சூடி, அரண்மனையிலிருந்து ஷிமோகாமோ வழியே காமிகாமோ ஆலயம் வரை எட்டுக் கிலோமீட்டர் நடப்பார்கள். தேதி மாறாது. மழை பெய்தால் மட்டும் மறுநாளைக்குத் தள்ளுவார்கள். ஆகையால் 16ஆம் தேதியையும் கியோத்தோவிலேயே வைத்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள்.