காட்டுத் தீயைக் குறித்துச் செய்தி பெறுதலும் ஆட்களை அனுப்புதலும்

மாசி பிறந்து பனி நின்ற பின்னர், பச்சைமலையின் கீழ்ச்சாரலில் நெடும்புல் முற்றிலும் உலர்ந்துவிடுகின்றது. தேக்கு இலை உதிர்க்கின்றது; மூங்கிற் புதர்களின் அடியில் சருகு முழங்காலளவு சேர்கின்றது. அடிவாரத்திலோ இதே காலத்தில் மக்காச்சோளக் கதிர் ஒடிப்பு முடிந்து, தட்டைகள் நிலத்திலேயே நிற்கின்றன. அடுத்த உழவுக்கு நிலத்தை ஒழிக்க எளிய வழி தீக்குச்சியே என்று எண்ணும் குடியானவர்கள் இன்னும் உளர். மாசி முதல் வைகாசி வரையிலான மாதங்களில் காட்டிலெழும் தீ பெரும்பாலும் மனிதர் கையால் மூண்டதே ஆகும். தானாக மூங்கில் உரசித் தீப்பற்றியது என்று சொல்லப்படும் கதைகளில் பெரும்பகுதி, யாரோ ஒருவரைக் காப்பாற்றச் சொல்லப்படுவதே.

தீயை அணைப்பவரைப் பற்றி ஊரார் அறிவர். பச்சைத் தழையால் அடிப்பவரையும், தீத்தடுப்புக் கோடு வெட்டுபவரையும் பலர் நேரிற் கண்டிருப்பர். ஆனால் அவரை எங்கே போகச் சொல்லுவது, எத்தனை பேரை அனுப்புவது, எவ்வழியில் ஏற்றுவது, அவர் திரும்பி வந்தாரா என்று பார்ப்பது ஆகிய வேலையைச் செய்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் நெருப்பையே காணமாட்டார். ஓர் அறையில், படம் ஒன்றும் பேரேடு ஒன்றும் முன்னே வைத்துக்கொண்டு, தொலைபேசியும் கம்பியில்லாச் செய்திக் கருவியுமாக அமர்ந்திருப்பார். அமெரிக்காவில் இவரை ‘டிஸ்பாட்சர்’ என்பர். தமிழில் ‘அனுப்புநர்’ என்று எழுதலாம். எனினும் ‘கட்டுப்பாட்டறைக்காரர்’ என்றாலே நம் ஊர்களில் விளங்கும்.

இவ்வேலை தனித் தொழிலாக வளர்ந்த தேசம் அமெரிக்காவே. 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20, 21 தேதிகளில் இடாஹோ, மான்டானா பகுதிகளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு இரண்டே நாளில் எரிந்தது. குறைந்தது 85 பேர் மாண்டனர்; அவர்களுள் மிகுதியானோர் தீயணைக்கச் சென்றவர்கள். அதன் பின்பு அந்நாட்டு வன இலாகா மலையுச்சிகளில் காவற் கூண்டுகளைப் பெருக்கியது. அவற்றைத் தொலைபேசிக் கம்பியால் இணைத்தது. ஆஸ்போர்ன் என்னும் வன உத்தியோகஸ்தர் வட்டமான படத்தின் மேல் சுழலும் குறிகோல் ஒன்றை அமைத்தார். ஒரு கூண்டிலிருந்து புகை தெரியும் திசையைப் பாகைக் கணக்கில் சொன்னால், அறையிலிருப்பவர் படத்தில் ஒரு கோடு இழுப்பார். வேறொரு கூண்டிலிருந்து இரண்டாவது திசை வந்தவுடன் மற்றொரு கோடு. இரண்டும் வெட்டுமிடமே தீ. இன்று அத்தேசத்தில் உள்ளூர்ச் செய்தியறை, மண்டல அறை, தேசிய அறை என மூன்று படிகள் உள்ளன. தேசிய அறை இடாஹோவிலுள்ள பாய்சி நகரத்தில் 1965-ஆம் ஆண்டு தொடங்கிய நிலையத்தில் இருக்கின்றது. நாடு முழுவதும் தீயின் நிலையை 1 முதல் 5 வரை எண்ணிட்டுச் சொல்லுவர். 5 என்றால் அனுப்புதற்கு ஆளும் கருவியும் அநேகமாக ஒழிந்துபோயின என்று பொருள்.

இரண்டு கோடு வெட்டும் இம்முறைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. சிறுவாச்சூரில் நிற்பவர் ஒருவர் புகை வடமேற்கே தெரிகிறது என்கிறார். அரும்பாவூரில் நிற்பவர் தென்மேற்கே என்கிறார். இருவர் சொல்லும் சேர்ந்தால், இன்ன சாரல் என்று அறையிலிருப்பவர் ஏறக்குறைய சொல்லிவிடலாம். ஒருவர் சொல் மட்டும் இருந்தால் அந்தக் கோட்டில் தீ எங்கும் இருக்கக்கூடும்: 3 கிலோமீட்டரிலும் இருக்கலாம், 15 கிலோமீட்டரிலும் இருக்கலாம். ஆகவே, ‘வேறொருவர் முன்னமே சொல்லியிருப்பார்’ என்று வாளாவிருப்பது பெரும் பிழையாகும். இரண்டாவது செய்தியே பலவேளை அதிகப் பிரயோஜனமுள்ளது.

ஆகாயத்திலிருந்து செயற்கைக் கோள் பார்க்கும்போது ஊரார் எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004-ஆம் ஆண்டு முதல் ‘மோடிஸ்’ என்னும் கருவியின் துணையால் தீக்குறிகளைக் கண்டறிந்து மாநில வன இலாகாக்களுக்கு அறிவித்து வருகின்றது. அக்கருவியின் ஒரு கட்டம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் சதுரம். பின்னர் ‘விஐஐஆர்எஸ்’ என்னும் கருவியும் சேர்ந்தது. அதன் கட்டம் 375 மீட்டர். குறுஞ்செய்தியில் ஜில்லா, சரகம், காவற்சுற்று ஆகியவற்றின் பெயரோடு இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் வருகின்றன. உத்தியோகஸ்தர்களேயன்றிப் பொதுமக்களும் தம் கைப்பேசி எண்ணைப் பதிந்துகொண்டு இவ்வறிவிப்பைப் பெறலாம்.

இதன் குறைகளையும் அறிதல் அவசியம். மேற்படி இரண்டாவது கருவி ஒருநாளில் நம் தலைக்கு மேல் கடப்பது பகல் 1.30 மணியையொட்டியும் பின்னிரவு 1.30 மணியையொட்டியுமே. பிற்பகல் 3 மணிக்கு மூண்ட தீயை அது இரவில்தான் காணும். அதற்குள் சிறு தீ ஒரு சாரலையே தின்றுவிடும். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. வரும் எண்கள் கட்டத்தின் நடுப்புள்ளியைக் குறிப்பனவேயன்றித் தீயின் சரியான இடத்தை அல்ல. காட்டோரத்து நிலத்தில் தட்டை எரித்தாலும் அது காட்டுத் தீயென்று பதிவாகிவிடலாம். எந்தக் குறி காடு, எந்தக் குறி சோளக்கொல்லை என்று பிரித்தறிவது அறையிலிருப்பவரின் தொல்லைகளுள் ஒன்று. தவறாகப் பிரித்தால், ஆட்கள் ஒரு கொல்லைக்கு ஓடியிருக்கும் வேளையில் மலையில் தீ ஏறிவிடும்.

அழைப்பு வந்தவுடன் அவர் கேட்கும் கேள்விகள் குறைவு, ஆயினும் ஒழுங்குள்ளவை. முதலில் இடம். ‘கிருஷ்ணாபுரம் பக்கம்’ என்றால், எந்தக் கிருஷ்ணாபுரம்? வேப்பந்தட்டை வட்டத்தில் ஒன்று உண்டு. தமிழகம் முழுவதும் அப்பெயரில் ஊர்கள் எத்தனையோ. ஜில்லா, வட்டம், ஊராட்சி, அதன்பின் ஊர் என்ற வரிசையிற் சொல்லுதல் நலம். 112 என்னும் அவசர எண்ணை எடுப்பவர் இப்பகுதியைக் கண்ணாற் கண்டிராதவராகவும் இருக்கலாம். தீயணைப்பு நிலையத்தின் 101, ஜில்லா பேரிடர்க் கட்டுப்பாட்டறையின் 1077 ஆகியவற்றிலும் இவ்வாறே சொல்ல வேண்டும். கைப்பேசியில் எண்கள் தெரிந்தால் அவற்றையும் படித்துக் காட்டலாம். அட்சரேகை ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். ஆதலால் தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் சொன்னால் இடம் நூறு மீட்டர்வரை நெருங்கிவிடும், நான்கு சொன்னால் பத்து மீட்டர்வரை.

அடுத்து, எரிவது யாது? புல்லா, புதரா, மரமா? புல்லில் தீ விரைந்தோடும், விரைவில் அவியும். சருகும் பட்ட மரமும் மெதுவாக எரிந்து நாட்கணக்கில் கனலும். சமநிலமா, சரிவா என்பதும் முக்கியம். சரிவு 10 பாகை கூடுந்தோறும் மேல்நோக்கிச் செல்லும் தீயின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும். பகலில் வெப்பக் காற்று மலையேறும். இரவில் குளிர்ந்த காற்று கீழிறங்கும். ஆகையால் மாலை 4 மணிக்கு மேலேறிக்கொண்டிருந்த தீ, நள்ளிரவில் கொல்லைகளை நோக்கித் திரும்பினும் வியப்பில்லை. காற்று எத்திசையில் என்று கேட்டால், புகை சாயும் பக்கத்தைச் சொன்னாற் போதும்.

இனி, எவர் அருகில் இருக்கின்றனர் என்பது. பச்சைமலைமேல் மலையாளி மக்கள் வாழும் குக்கிராமங்கள் உள்ளன. ஆடுமாடு மேய்ப்போரும், சுள்ளி பொறுக்குவோரும், மயிலூற்று அருவிக்கு வருவோரும் உண்டு. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்ற கூட்டத்தார் உலர்ந்த புற்சரிவில் தீயிடையே அகப்பட்டுக்கொண்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காயமுற்றோரை முதலில் தூக்கி இறக்கியவர்களுள் உள்ளூர் மக்கள் முன்னின்றனர். விமானப் படையின் ஹெலிகாப்டர்களும் அழைக்கப்பட்டன. மலைமேல் அன்று யார், எத்தனை பேர், எத்தடத்தில் என்னும் கணக்கு கீழேயுள்ள அறையில் எப்போதும் இருத்தல் வேண்டும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. தீயிடையே அகப்பட்டவர் மேல்நோக்கி ஓடலாகாது; முன்னமே எரிந்து கறுத்த நிலமோ வெறும் பாறையோ கிடைத்தால் அங்கே ஒதுங்குவதே உயிர்தரும்.

செய்தியைப் பெற்ற பின் அனுப்புதல். இங்கேதான் அறையிலிருப்பவரின் விவேகம் சோதிக்கப்படுகிறது. அண்மையிலுள்ளவரை முதலில் அனுப்ப வேண்டும். அவர் எந்த இலாகாவினர், எந்த ஜில்லாவினர் என்பது இரண்டாம் பட்சமே. பச்சைமலையோ பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி, சேலம் ஆகிய மூன்று ஜில்லாக்களில் பரவிக் கிடக்கின்றது. லாடபுரத்திலிருந்து காணும் புகை துறையூர்ப் பக்கத்ததாக இருக்கக்கூடும். எல்லை யாருடையது என்று தீர்ப்பதற்குள் தீ எல்லையைத் தாண்டிவிடும். தீயணைப்பு வண்டி சுமார் 4,500 லிட்டர் நீர் கொள்ளும். ஆனால் அது சாலை முடியுமிடத்தில் நின்றுவிடும். மலைக்கு மண்வெட்டியும் அரிவாளும் பச்சைத்தழையுமே துணை. அரியலூர் ஜில்லாவின் முந்திரித் தோப்புகளிலும் தைலமரக் காடுகளிலும் நிலைமை வேறு: அங்கே நிலம் சமன், வண்டி உள்ளே செல்லும், கிணற்று மோட்டார்களும் உண்டு. ஒரே புகைச் செய்திக்கு இவ்விரண்டிடங்களிலும் ஒரேவிதமாக ஆளனுப்புகிறவர் வேலை அறியாதவர்.

இருக்கும் ஆட்கள் அனைவரையும் முதற் புகைக்கே அனுப்பிவிடுவது மற்றொரு பிழை. ஒரே பிற்பகலில் இரண்டாம் புகையும் மூன்றாம் புகையும் எழுவது வழக்கம். கையில் சிலரை நிறுத்திக்கொள்ளும்போது, முதல் தீயருகே நிற்பவர் ‘இன்னும் ஆள் அனுப்பவில்லையே’ என்று கடிந்துகொள்வார். அதைப் பொறுப்பதும் இவ்வேலையின் பகுதியே.

அனுப்பிய பின் வேலை ஓய்ந்ததென்று எண்ணலாகாது. ஒவ்வொரு குழுவும் எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை பேர், தலைவர் யார், தண்ணீர் எவ்வளவு கொண்டுசென்றனர் என்பவை பேரேட்டில் ஏறவேண்டும். குறித்த இடைவேளைதோறும், அரைமணிக்கொருமுறை என்று கொள்ளலாம், குரல் கேட்டாக வேண்டும். கேட்கவில்லையெனில் மற்ற யாவற்றையும் நிறுத்தி அவர்களைத் தேடுவதே முதற்கடமை. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் கொற்றம்பத்தூரில் தோட்டக் காட்டுத் தீயை அணைக்கச் சென்ற வனக்காவலர் மூவர் தீயாற் சூழப்பட்டு இறந்தனர். காற்றுத் திரும்பும் செய்தியை மேலிருப்பவருக்குச் சொல்வதும், அவர் அதைக் கேட்டுத் திருப்பிச் சொன்னாரா என்று உறுதி செய்வதும் சில நிமிஷ வேலை. அந்நிமிஷங்களே உயிரின் விலை.

கிராம உத்தியோகஸ்தர்கள் இதில் செய்யக்கூடியது மிகுதி. 1980-இல் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர் வந்த பின்னும், புல எண்ணைக் கேட்டவுடன் இடத்தைச் சொல்லக்கூடியவர் அவரும் கிராம உதவியாளருமே. எந்தக் கிணற்றில் கோடையில் நீருண்டு, எந்த வண்டித்தடம் ஓடையோடு முடிகிறது, எந்த வாயிற்படலின் சாவி யாரிடம் உள்ளது என்று ஒரு தாளில் எழுதி மாசிக்கு முன்பே வனச்சரக அலுவலகத்தில் கொடுத்துவைத்தால், செய்தியறையில் அரைமணி நேரம் மிச்சமாகும். இந்தியாவின் பல மாநிலங்களில் வழங்கும் 1927-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, காட்டையடுத்த கிராமத்தில் சர்க்கார் ஊதியம் பெறுவோர் தீச் செய்தியைத் தாமதமின்றித் தெரிவித்து, அணைக்கவும் முற்பட வேண்டுமென விதிக்கின்றது. தமிழகத்தில் வழங்குவது 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டம். ஒதுக்குக் காட்டில் தீயிடுவதும், காட்டுக்கு அபாயமாகும்படி தீயை விட்டுச்செல்வதும் அதன்படி குற்றம்.

மிராசுதாரர்கள் தட்டையையும் சோகையையும் எரிக்காதிருத்தலே சாலச் சிறந்தது. எரித்தால் தழைச்சத்தும் கந்தகமும் புகையாய்ப் போகின்றன. சுழற்கலப்பையால் நறுக்கி மண்ணில் மடக்கலாம்; அல்லது குவித்து மட்கவைக்கலாம். முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்க வசதியாகச் சருகைக் கூட்டுவோர், அதை மரத்தடியிலேயே கொளுத்தாமல் குழியில் இட்டால் உரமாகும். தவிர்க்கவொண்ணாமல் குப்பை எதையேனும் எரிக்க நேர்ந்தால், காட்டெல்லைக்கு அருகில் அதைச் செய்யலாகாது. மற்ற இடங்களிலும் காற்றடங்கிய காலை வேளையில், சுற்றிலும் உழுது மண் புரட்டிவிட்டு, கிராம நிர்வாக அலுவலருக்கு முன்னமே தெரிவித்துவிட வேண்டும். அப்பொழுது அந்தப் புகைக்காக மலையடிவாரத்திலிருந்து ஆட்கள் ஓடிவர நேராது.

தீ அணைந்ததாகச் செய்தி வந்தாலும் பேரேட்டின் அப்பக்கம் உடனே மூடப்படுவதில்லை. பட்ட மரத்தின் வேரிலும் மூங்கிற் தூரிலும் கனல் உள்ளே ஒளிந்திருந்து, மறுநாள் வெயிலேறிக் காற்றெழும்போது மீண்டும் சுடர்விடும். ஆகவே காவலர் ஒருவர் சாம்பலின் மேல் புறங்கையை நீட்டிச் சூடு பார்த்து, தூர்களைக் கிளறி மண்போட்டு வருவார். அடுத்த நாள் பிற்பகல் 2 மணியளவில் மறுமுறை ஒருவர் மேலேறிப் பார்த்துவந்து, புகையில்லை என்று சொன்ன பின்னரே, நேரத்தையும் அவர் பெயரையும் குறித்து, ‘முடிந்தது’ என்று எழுதப்படும்.