உங்களுக்குத் தெரியுமா? செவ்வந்தியைக் காக்க வைக்கும் எல்.இ.டி.

செவ்வந்தி அவசரப்பட்டுப் பூத்துவிடக் கூடாது என்பதற்காகவே, பெங்களூருவைச் சுற்றியுள்ள பூ விவசாயிகள் இரவில் வயலெங்கும் எல்.இ.டி. பல்புகளை எரியவிடுகிறார்கள்! தொட்டபள்ளாபுரா, சிக்கபள்ளாபுரா பக்கம் ஒளிரும் இந்த வயல்கள் விமானத்திலிருந்தும் தெரியும்.

• இரவு நீண்டால்தான் செவ்வந்தி மொட்டு விடும். இரவில் சில மணி நேரம் வெளிச்சம் பட்டால், செடி மொட்டை மறந்து தண்டும் இலையுமாக வளரும். விளக்கை நிறுத்தினால் மொட்டு கட்டத் தொடங்கும். சந்தையில் நல்ல விலை கிடைக்கும் நாளுக்கு ஏற்ப அறுவடையைத் தள்ளிவைக்கலாம்.

• இரவின் நீளத்தை உணர உதவுவது, இலையிலுள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி. சிவப்பு ஒளி பட்டதும் அது விழித்துக்கொள்ளும்; இரவு குறுகிவிட்டதாகச் செடி உணரும்.

• குண்டு பல்பில் உலோக இழை பழுக்கக் காய்ந்து ஒளிர்கிறது. எல்.இ.டி.யில் இழையே இல்லை. குறைகடத்திச் சில்லுக்குள் எலக்ட்ரான்கள், ‘துளை’ எனப்படும் எலக்ட்ரான் இல்லாத இடங்களோடு சேரும்போது வெளிப்படும் ஆற்றலே ஒளி. வெப்பமாக வீணாவது குறைவு என்பதால், 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்துக்கு சுமார் 9 வாட் போதும்.

• வெள்ளை எல்.இ.டி.க்குள் இருப்பது பெரும்பாலும் நீல ஒளி தரும் சில்லு. அதன்மேல் பூசிய பாஸ்பர் என்ற ஒளிர்பொருள், நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக்குகிறது. இரண்டும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை.

• சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. பிரகாசமான நீலத்துக்கு உலகம் 1990-கள் வரை காத்திருந்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு.