தோப்பு இருந்தது, காசு இல்லை

நேற்று சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து செல்போன் கடைத் தம்பி கேட்டான். "அண்ணே, மைக்கேல் ஜாக்சன் சாகும்போது கடனாளியாமே? செத்தப்புறம் கோடி கோடியா சம்பாதிக்கிறாராம். ரெண்டும் எப்படிண்ணே உண்மையா இருக்க முடியும்?"

ரெண்டும் உண்மைதான். கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. ஆளும் தொகையும்தான் வேறு. இரண்டாவது டீயும் சொல்லிவிட்டு நிதானமாக ஆரம்பித்தேன். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

2009 ஜூன் 25 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஜாக்சன் இறந்தார். வயது 50. அன்றைக்கு அவர் தலைமேல் இருந்த கடனும் பாக்கிகளும் சேர்ந்து 50 கோடி டாலருக்கு மேல் என்று அவருடைய உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர்கள் பின்னாளில் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடனாளி என்றதும் ஒன்றும் இல்லாதவன் என்றுதான் நம் மனசுக்குப் படுகிறது. வங்கியில் நான் பார்த்தது அதற்கு நேர்மாறு. ஒன்றும் இல்லாதவனுக்கு ஐந்தாயிரம் ரூபாய் கடன் வாங்கித் தருவதற்கே ஜாமீன்தாரர் தேடி அலைய வேண்டியிருக்கும். பெரிய கடன் எப்போதும் பெரிய சொத்தின் மேல்தான் உட்காரும். ஜாக்சனிடம் அப்படி ஒரு சொத்து இருந்தது.

அது என்ன சொத்து என்று புரிந்துவிட்டால் பாதிக் கதை முடிந்த மாதிரி. ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று. அதை ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. வேறொருவர் அந்தப் பாட்டைத் திரும்பப் பாடினாலும், வானொலியில் ஓடினாலும், விளம்பரத்தில் போட்டாலும், வரியும் மெட்டும் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு ஒரு பங்கு போகும். தென்னந்தோப்பு மாதிரி என்று தம்பியிடம் சொன்னேன். தோப்புக்காரர் தூங்கினாலும் மரம் காய்த்துக்கொண்டிருக்கும். ஆள் விட்டுக் காய் இறக்குவதுதான் வேலை.

இந்தத் தோப்புக் கணக்கை ஜாக்சனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி. 1980களின் தொடக்கத்தில் இருவரும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்த காலம். தான் வாங்கி வைத்திருக்கும் மற்றவர்களுடைய பாட்டுகளின் பட்டியலை ஒரு புத்தகமாகப் போட்டு வைத்திருந்தார் மெக்கார்ட்னி. அதை எடுத்துக் காட்டினார். ஜாக்சன் பாடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 1985இல், 'திரில்லர்' ஆல்பம் கொட்டிக் கொடுத்திருந்த காலத்தில், ஏ.டி.வி. என்ற பாட்டு உரிமை நிறுவனத்தை 4.75 கோடி டாலருக்கு வாங்கினார். சுமார் 4,000 பாட்டுகள். அவற்றில் ஏறக்குறைய 250 பாட்டுகள் லெனனும் மெக்கார்ட்னியும் எழுதியவை. பாடம் சொன்னவருடைய பாட்டே மாணவன் கைக்கு வந்துவிட்டது. இருவருடைய நட்பில் அதனால் விரிசல் விட்டதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் வியாபாரமாக மட்டும் பார்த்தால், ஒரு பாடகர் செய்த முதலீடுகளில் இதற்கு ஈடு சொல்ல எனக்கு வேறொன்று தோன்றவில்லை.

அப்படிப்பட்ட தோப்பு வைத்திருந்தவர் எங்கே சறுக்கினார்? தோப்பை அவர் விற்கவில்லை, அதன்மேல் கடன் வாங்கினார். அங்கேதான்.

1995இல் ஏ.டி.வி.யில் பாதியைச் சோனிக்குக் கொடுத்து, கூட்டு நிறுவனமாக்கி, கையில் பெரிய தொகை வாங்கினார். மீதிப் பாதி அவர் பெயரில் நின்றது. பிறகு அந்தப் பாதியை அடமானமாகக் காட்டி வங்கிக் கடன். அடுத்து, தன் சொந்தப் பாட்டுகளின் உரிமையைக் காட்டி இன்னொரு கடன். கலிஃபோர்னியாவில் 2,700 ஏக்கரில் நெவர்லேண்ட் பண்ணை இருந்தது, 1988இல் வாங்கியது. ராட்டினம், ரயில், மிருகக்காட்சிச் சாலை எல்லாம் உள்ளே. அவற்றுக்குத் தீனியும் ஆட்களுக்குச் சம்பளமும் மாதா மாதம் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பண்ணையும் பின்னால் அடமானத்துக்குப் போனது.

2003இல் வந்த ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில் ஒரு காட்சி உண்டு. லாஸ் வேகஸில் ஒரு கலைப்பொருள் கடைக்குள் ஜாக்சன் நடக்கிறார். ஆள் உயர ஜாடிகள், பொன்முலாம் பூசிய மேசைகள். நடந்துகொண்டே ஒவ்வொன்றாகக் கை காட்டுகிறார். கடைக்காரர் பின்னாலேயே வருகிறார். அந்தக் காட்சியை நான் ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். நகையை வைத்துக் கடன் வாங்கிக்கொண்டு அதே கையோடு எதிர்ப்புறம் ஜவுளிக்கடைக்குள் நுழைந்தவர்களை வங்கி ஜன்னல் வழியாகப் பார்த்த ஞாபகம் ஒவ்வொரு தடவையும் வரும். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கையில் இருப்பது கடன் காசு என்பது அந்த நேரத்துக்கு மறந்துபோகும், அவ்வளவுதான்.

2013இல் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தபோது, கணக்காய்வாளர் ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறி ஜாக்சனின் கடனை வருடவாரியாக விரித்துக் காட்டினார். 1993இல் 3 கோடி டாலர். 1998இல் 14 கோடி. அதற்குப் பிறகும் ஏறுமுகம்தான். வட்டி, கடனுக்குக் கடன் 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஆரம்பித்து 16.8 சதவீதம் வரை. கடைசிக் காலத்தில் கடனுக்காகவே வருடத்துக்கு 3 கோடி டாலருக்கு மேல் போனது. நாள் கணக்கில் வகுத்துப் பாருங்கள், பொழுது விடிந்தால் எண்பதாயிரம் டாலர். அதைக் கட்டுவதற்குப் புதுக் கடன். அசல் அசையவில்லை, வட்டி குட்டி போட்டது.

வரவுப் பக்கம் என்ன நடந்தது? கடைசி உலகச் சுற்றுப்பயணம் 1997இல் முடிந்துவிட்டது. 2001க்குப் பிறகு புது ஆல்பம் இல்லை. மேடை ஏறாத பாடகருக்குப் பெரிய பணம் ஒரேயடியாக வராது. தோப்புக் காய் மட்டும்தான் வரும், அதையும் கடன்காரர் வாசலிலேயே எண்ணி எடுத்துக்கொள்வார். நடுவில் குழந்தைகளிடம் தவறாக நடந்தார் என்ற குற்றச்சாட்டுகள். 1994இல் ஒரு வழக்கைப் பெருந்தொகை கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார். 2005இல் நடந்த குற்ற வழக்கில் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலையானார். அவர் இறந்த பிறகும் வேறு சிலர் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். அது பணக் கணக்கோடு கலந்து போகக்கூடிய சின்ன விஷயம் இல்லை, அதனால் இங்கே அதற்குள் போகவில்லை. அந்த 2005ஆம் வருடமே அவருடைய 27 கோடி டாலர் வங்கிக் கடன் ஃபோர்ட்ரஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறியது. வங்கி தன் கடனை இன்னொருவருக்குக் கைமாற்றுகிறது என்றால் என்ன அர்த்தம் என்று கடன் பிரிவில் இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அதனால்தான் 2009இல் மறுபடி மேடை. லண்டனின் ஓ2 அரங்கில் 50 நிகழ்ச்சிகள், ஜூலையில் தொடக்கம். ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோதே இறந்துபோனார்.

இங்கே தம்பி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். "அப்புறம் யாருண்ணே சம்பாதிச்சா?" என்றான்.

தோப்புதான் சம்பாதித்தது. மாறியது என்னவென்றால், கை காட்டிச் செலவழிக்கும் ஆள் இல்லை. சொல்லவே மனசு கனக்கிறது, ஆனால் கணக்கு அப்படித்தான் இருக்கிறது. பண்ணைச் செலவு சுருங்கியது. ஜாடி வாங்குவது நின்றது. உலகம் முழுக்க ஜனங்கள் அவர் பாட்டுகளைத் தேடித் தேடி வாங்கினார்கள். அந்த வருடம் அமெரிக்காவில் அதிக ஆல்பம் விற்ற கலைஞர் அவர்தான். ஒத்திகையைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். அதைத் தொகுத்து அக்டோபரில் 'திஸ் இஸ் இட்' என்று திரைக்குக் கொண்டுவந்தார்கள். உலக வசூல் 26 கோடி டாலர். நடக்காத நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் வாங்கியவர்களிடம், பணம் வேண்டுமா, நினைவாக அச்சடித்த டிக்கெட்டே வேண்டுமா என்று கேட்டார்கள். பணத்தை விட்டுவிட்டு டிக்கெட்டை வாங்கிக்கொண்டவர்கள் இருந்தார்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக எடுத்து வைத்தவர்களின் மனசு எனக்குப் புரிகிறது.

பிறகு வரிசையாக வந்தது. சோனியோடு புது ஒலிப்பதிவு ஒப்பந்தம், சர்க்கஸ் நிறுவனத்தோடு சேர்ந்து மேடைக் காட்சிகள், நியூயார்க்கில் இசை நாடகம். 2016இல், ஏ.டி.வி.யின் அந்த மீதிப் பாதியைச் சோனியே 75 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. 1985இல் மொத்தத்துக்கும் கொடுத்தது 4.75 கோடி என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சோனி தன் பாட்டுகளையும் சேர்த்துத் தோப்பைப் பெரிதாக்கியிருந்தது, அதையும் சொல்ல வேண்டும். 2024இல் ஜாக்சனின் சொந்தப் பாட்டு உரிமைகளில் பாதி ஏறக்குறைய 60 கோடிக்குக் கைமாறியது.

ஒரு சொத்தின் மதிப்பு எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு வரி வழக்கைப் பார்க்க வேண்டும். இறந்த நாளில் சொத்து என்ன பெறும் என்று கணக்கிட்டு வரி போடுவது அமெரிக்க முறை. ஜாக்சனின் பெயருக்கும் முகத்துக்கும் என்ன விலை? வாரிசுத் தரப்பு முதலில் எழுதிக் கொடுத்தது வெறும் 2,105 டாலர். வரித்துறை போட்டது 43.4 கோடி. விசாரணையின்போது அதை 16.1 கோடியாக இறக்கிக்கொண்டது. 2021இல் வரி நீதிமன்றம் 41.5 லட்சம் என்று முடித்தது. சாகும் நாளில் அந்தப் பெயரை வைத்து ஒரு பனியன் விற்கக்கூடப் பெரிய நிறுவனங்கள் தயங்கின என்பது அதற்குப் பின்னால் உள்ள நிஜம். பீட்டில்ஸ் பாட்டுகள் அடங்கிய அந்தப் பாதிப் பங்குக்கு நீதிமன்றம் போட்ட மதிப்பு? பூஜ்யம். மேலே இருந்த கடனைக் கழித்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஏழு வருடத்தில் 75 கோடிக்கு விலைபோன சொத்து, அன்றைய தேதிக்கு ஒன்றுமில்லாதது. கடன்காரர்கள் ஜாக்சன் உயிரோடு இருந்தபோது நெருக்கி ஏலம் போட்டிருந்தால் அந்த ஏழு வருடம் கிடைத்திருக்காது.

எல்விஸ் பிரெஸ்லி கதையைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெளிவாகும். 1973இல் தன் பழைய ஒலிப்பதிவுகளின் உரிமையை 54 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார் அவர், அதில் பாதி மேலாளருக்கு. 1977இல் இறந்தபோது தோப்பு கையில் இல்லை. மிஞ்சியது மெம்ஃபிஸில் கிரேஸ்லேண்ட் வீடும் பெயரும். வீட்டைப் பராமரிக்கவே பணம் கரைந்தது. கடைசியில் முன்னாள் மனைவி பிரிசில்லா 1982இல் வீட்டுக் கதவைத் திறந்து, டிக்கெட் போட்டு ஜனங்களை உள்ளே விட்டார். குடும்பத்தை நிமிர்த்தியது அந்த வாசல்தான்.

"நம்ம ஊர்ல ஏண்ணே இப்படி யாரும் இல்லை?" என்று தம்பி கேட்டான். தோப்பே நம் கலைஞர்களுக்குத் தரப்படவில்லை என்பதுதான் பெரும்பாலும் பதில். படத்துக்காக எழுதிய பாட்டுக்கும் போட்ட மெட்டுக்கும் முதல் சொந்தக்காரர் தயாரிப்பாளரே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூலி வாங்கியதோடு கணக்கு முடிந்தது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித்தான் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு என்று எழுதினார்கள். அதற்கு முன்னால் எத்தனை வீடுகளில் வானொலியில் அப்பாவின் பாட்டு ஓட, அடுப்பில் உலை ஏறாமல் இருந்திருக்கும். பெயரும் முகமும்கூட அங்கே போல இங்கே வாரிசுக்கு இறங்குவதில்லை. கலிஃபோர்னியாவில் இறந்து 70 வருடம் வரை அது குடும்பச் சொத்து. இங்கே ஜெயலலிதாவின் வாழ்க்கைக் கதைப் படம் தொடர்பான வழக்கில், ஒருவர் ஈட்டிய நற்பெயர் அவரோடு முடிகிறது, வாரிசுச் சொத்தாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது.

கடை அடைக்கும் நேரம். தம்பி எழுந்துகொண்டே, "உயிரோட இருக்கும்போதே யாராவது அவர் செலவை நிறுத்தியிருக்கக் கூடாதாண்ணே?" என்றான். உயிலை நிறைவேற்றுபவர்கள் நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். உயிரோடு இருப்பவர் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, வேண்டாம் என்று சொல்கிறவரை மாற்றிவிடலாம். ஜாக்சன் மேலாளர்களையும் வக்கீல்களையும் மாற்றிக்கொண்டேதான் இருந்தார். 1985இல் ஏ.டி.வி.யை அவருக்குப் பேசி முடித்துக் கொடுத்தவர் ஜான் பிராங்கா என்ற வக்கீல். இன்று உயிலை நிறைவேற்றும் இருவரில் ஒருவர். நடுவில் சில வருடம் பிரிந்து போயிருந்தார். ஜாக்சன் அவரைத் திரும்பக் கூப்பிட்டு வேலையில் சேர்த்துக்கொண்டது 2009 ஜூன் மாதத்தின் நடுவில். இறந்தது அதே மாதம் 25ஆம் தேதி.