தராசு பேசும் அரசியல்

ஆபீஸ் அரசியலெல்லாம் ஏசி ரூமில் நடப்பது என்பது சென்னையில் வேலை பார்க்கும் என் மகனின் நினைப்பு. தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் உனக்கு அது ஏதும்மா என்பான். ஆனால் எங்கள் ஊரான சேவூரில் அடுத்த பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீள இழை, யார் தறிக்கு முதலில் வருகிறது என்று பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

எங்களில் பலர் கூலிக்கு நெய்கிறவர்கள். பட்டும் ஜரிகையும் டிசைனும் முதலாளி கொடுப்பார். தறியும் உழைப்பும் எங்களுடையது. மூன்று சேலைப் பாவு அறுத்த பிறகு அடுத்தது வரும்வரை தறி சும்மா கிடக்கும், கூலியும் கிடையாது. அந்த இடைவெளி முதலாளியின் கணக்குப்பிள்ளை கையில். அவர் யாரையும் திட்டவே வேண்டாம். "அடுத்த வாரம் வாம்மா" என்றால் முடிந்தது.

பெரிய சண்டை வருவது எடையில்தான். பட்டை நிறுத்துக் கொடுத்து, சேலையை நிறுத்து வாங்குவார்கள். குறைந்தால் திருட்டுப் பழி, கூலியில் பிடித்தம். ஆனால் பட்டு ஈரம் குடிக்கிற சரக்கு. வியாபாரத்தில் காய்ந்த எடைக்கு 11 சதவீத ஈரத்தைப் பொது அளவாக வைத்திருப்பதே அதனால்தான். ஐப்பசி மழையில் நிறுத்த 600 கிராம் பட்டு, வெயில் நாளில் 5 சதவீதம் இறங்கினால் 30 கிராம் காணாமல் போகும். எடுத்தவர் யாருமில்லை.

நான் வேலை செய்த ஓரிடத்தில் இப்படித்தான் என் கூலியில் பிடித்தார்கள். கத்தவில்லை. "அண்ணே, இனிமே குடுக்கறப்பவும் வாங்கறப்பவும் என் எதிர்ல நிறுத்து, தேதி போட்டு என் நோட்டுலயும் எழுதிடுங்க" என்றேன். கணக்குப்பிள்ளை மூஞ்சி சுருங்கியது. எழுதினார். கழிவு இழையையும் பையில் போட்டுக் கொண்டுபோய் சேலையோடு நிறுக்கச் சொன்னேன். பிடித்தம் குறைந்தது, பாசம் ஒன்றும் கூடவில்லை, அது தேவையுமில்லை.

கோள் சொல்கிறவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. யார் எந்த முதலாளியிடம் பேசினார்கள் என்பதே அவர்கள் சரக்கு. அவர்களிடம் கூலி விவரம் பேசாமலிருந்தாலே பாதித் தொல்லை தீரும்.

முன்பணம் வேறு விஷயம். பிள்ளைக்குக் கல்யாணம், ஆஸ்பத்திரி என்று வாங்கிவிடுகிறோம். வாங்கியதைத் திருப்பித் தரத்தான் வேண்டும் என்று நினைக்கிறவள் நான். ஆனால் அதைக் காட்டி 'வேறெங்கும் நெய்யக் கூடாது' என்று கட்டிப்போடுவது 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம்; 3 ஆண்டு வரை சிறை உண்டு.

பட்டு வாங்கவும் சேலை கொடுக்கவும் முதலாளி கடைக்குப் போகும் பெண்களிடம் வாயும் கையும் நீளுகிற ஆட்களுக்கும் சட்டம் இருக்கிறது. வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் அந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்து நம் பெண்கள் சும்மா இருந்துவிடுகிறார்கள். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமானாலும், முதலாளி மேலேயே புகாரானாலும், மாவட்ட அளவிலான குழுவிடம் எழுதிக் கொடுக்கலாம். நடந்த 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுத உதவ வேண்டியது அந்தக் குழுவின் பொறுப்பு.