மழைக்கால மின்தடை: விளக்குக்கு முன் தண்ணீரும் மருந்தும்



ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம் கடலோர ஊர்களில் மின்தடை புதிதல்ல. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. வெளிச்சமில்லாததைவிடத் தண்ணீரில்லாததே பெரும் சிரமமாக இருந்தது. மோட்டார் ஓடாவிட்டால் குடிக்கவும் ஒளுச் செய்யவும் நீர் கிடைக்காது.

எனவே புயல் எச்சரிக்கை வந்தவுடன் மாடித் தொட்டியையும் குடங்களையும் நிரப்பிவிடுங்கள். செல்போன், பவர் பேங்க், சார்ஜ் விளக்கு எல்லாவற்றையும் முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். வழக்கமான மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

இன்சுலின் போடுபவர் இருந்தால், மின்சாரம் போனதும் ஃபிரிட்ஜை அடிக்கடி திறக்காதீர்கள். குளிர் குறைந்த பின், நீர் புகாத டப்பாவில் இன்சுலினை மூடி, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைத்து, நிழலில் வையுங்கள். ஐஸ் கட்டி மேல் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது.

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஜன்னல் அருகிலோ ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். கொசுவலை அருகே மெழுகுவர்த்தி வேண்டாம். மின்கம்பி அறுந்து கிடந்தால் நெருங்காமல், மின்னகம் எண் 94987 94987க்குத் தெரிவியுங்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே வசிக்கும் பெரியவர்கள் நம் தெருவிலும் உண்டு. நம் தொட்டி நிரம்பியதும் அவர்கள் வீட்டுத் தொட்டியையும் பாருங்கள். அது அண்டை வீட்டாரின் ஹக்கு.

அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.