சைக்ளோ-கிராஸ் தேசிய அணிகள்

சைக்ளோ-கிராஸ் தேசிய அணிகள் என்பவை, சைக்ளோ-கிராஸ் எனப்படும் மிதிவண்டிப் பந்தய வகையில் தத்தம் நாட்டின் சார்பாகப் பன்னாட்டுப் போட்டிகளில் கலந்துகொள்ளும் குழுக்கள் ஆகும். காற்பந்து, துடுப்பாட்டம் (கிரிக்கெட்) ஆகியவற்றின் தேசிய அணிகளைப் போல இவை ஆண்டு முழுவதும் கூடி இயங்குவதில்லை. வீரர்கள் பருவம் முழுவதும் தமக்கு ஊதியம் தரும் கழக அணிகளுக்காக ஓட்டுகின்றனர். உலக சாம்பியன் போட்டி, ஐரோப்பிய சாம்பியன் போட்டி போன்ற ஒரு சில நாட்களில் மட்டுமே நாட்டின் சீருடையை அணிகின்றனர். அந்நாட்களில் பகைவர் தோழராகவும் தோழர் பகைவராகவும் மாற நேர்கிறது.

பந்தயத்தின் தன்மை

இப்பந்தயம் பெரும்பாலும் செப்டம்பர் முதல் பெப்ரவரி வரையிலான குளிர்காலத்தில் நடைபெறும். சேறு, புல்வெளி, மணல், செங்குத்தான மேடு ஆகியவை கலந்த, ஏறத்தாழ 2.5 முதல் 3.5 கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றுப்பாதையை வீரர்கள் பலமுறை சுற்றி வருவர். ஆடவர் முதன்மைப் போட்டி சுமார் ஒரு மணி நேரம் நீடிக்கும். பாதையின் குறுக்கே 40 சென்டிமீட்டருக்கு மிகாத உயரமுள்ள பலகைத் தடைகள் வைக்கப்படும். ஓட்ட இயலாத இடங்களில் இறங்கி, மிதிவண்டியைத் தோளில் சுமந்துகொண்டு ஓட வேண்டும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தைச் சேர்ந்த ஒருவர், நீர் வற்றிய பாலாற்று மணலில் மிதிவண்டியைத் தூக்கிக்கொண்டு கரையேறுவதை எண்ணிப் பார்த்தால் இதன் கடுமை ஓரளவு விளங்கும். ஆனால் இங்கு அதை விரைவாகவும் பலமுறையும் செய்ய வேண்டும்.

சக்கரத்தின் டயர் அகலம் 33 மில்லிமீட்டருக்கு மேற்படக்கூடாது. சேறு அப்பிய மிதிவண்டியை, பாதையோரத்தில் அதற்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் கொடுத்துவிட்டு வேறொன்றைப் பெற்றுக்கொள்ளலாம். அதனை உடனே கழுவித் தயார் செய்து தரும் பணியாளர்களும் வெற்றியில் பங்குடையவர்களே.

தோற்றம்

இவ்விளையாட்டு பிரான்சில் தோன்றியது. இராணுவ வீரரான டானியேல் கூசோ இதன் முன்னோடியாகக் கருதப்படுகிறார். முதல் பிரெஞ்சு தேசியப் போட்டி 1902ஆம் ஆண்டு நடைபெற்றது. 1910ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் வென்ற ஒக்டாவ் லாபீஸ், தமது வெற்றிக்குக் குளிர்காலத்தில் மேற்கொண்ட இப்பயிற்சியே காரணம் என்று கூறியதால் இது பரவலாக அறியப்பட்டது. முதல் உலக சாம்பியன் போட்டி 1950ஆம் ஆண்டு பாரிசில் நடந்தது. பிரான்சின் ஷான் ரோபிக் அதில் வென்றார். பெண்களுக்கான உலகப் பட்டம் அரை நூற்றாண்டு கழித்து, 2000ஆம் ஆண்டில்தான் ஏற்படுத்தப்பட்டது. முதல் பட்டத்தை ஜெர்மனியின் ஹங்கா குப்ஃபர்நாகல் வென்றார்.

கழகமா, நாடா?

தேசிய அணியின் வீரர்களை அந்நாட்டுக் கூட்டமைப்பின் பயிற்சியாளர் தேர்ந்தெடுக்கிறார். ஆயினும் பதக்கம் தனிநபருக்கே உரியது. சீருடை நாட்டுடையது, மிதிவண்டியோ பெரும்பாலும் கழகத்துடையது.

இதனால் எழும் சிக்கலுக்கு 2000ஆம் ஆண்டு நெதர்லாந்தின் சின்ட்-மிகியெல்ஸ்கெஸ்டல் நகரில் நடந்த உலகப் போட்டி சிறந்த எடுத்துக்காட்டாகும். நெதர்லாந்து வீரர் ரிச்சர்ட் குரோனெண்டால் தொடக்கத்திலேயே முந்திச் சென்றார். பெல்ஜியத்தின் மாரியோ டி கிளெர்க்கும் ஸ்வென் நைசும் அவரைத் துரத்தினர். இருவரும் மாறி மாறி முன்னே சென்று காற்றைத் தடுத்திருந்தால் இடைவெளி குறைந்திருக்கக்கூடும். ஆனால் நைஸ், குரோனெண்டாலுடன் ஒரே கழக அணியில் (ராபோபாங்க்) இருந்தவர். அவர் துரத்தலுக்குத் துணைபுரியவில்லை. குரோனெண்டால் தங்கமும் டி கிளெர்க் வெள்ளியும் நைஸ் வெண்கலமும் பெற்றனர். பெல்ஜிய இரசிகர்கள் நைஸ் மீது கடுஞ்சினம் கொண்டனர். சம்பளம் தருபவருக்கு எதிராக ஓட்டும்படி ஒரு தொழில்முறை வீரரிடம் நாடு எந்த அளவுக்குக் கேட்கலாம் என்பது எளிதில் விடை காண இயலாத கேள்வி. நைஸ் பின்னர் 2005, 2013 ஆகிய ஆண்டுகளில் பெல்ஜியத்துக்காக உலகப் பட்டம் வென்றார்.

மாத்தியூ வான் டெர் போல் வேறொரு வகையில் வியப்பூட்டுபவர். பெல்ஜியத்தில் பிறந்து, பெல்ஜியக் கழக அணிக்காக ஓட்டும் இவர், தந்தை ஆத்ரி வான் டெர் போலைப் போலவே நெதர்லாந்தின் செம்மஞ்சள் சீருடையில் களமிறங்குகிறார். 2025ஆம் ஆண்டு தமது ஏழாவது உலகப் பட்டத்தை வென்று, பெல்ஜியத்தின் எரிக் டி விளாமிங்க் நெடுங்காலம் தனித்து வைத்திருந்த சாதனையைச் சமன் செய்தார்.

வீரரின் மிதிவண்டிக்கு நாடு பழி சுமக்க நேர்ந்ததும் உண்டு. 2016ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் சோல்டர் நகரில் நடந்த உலகப் போட்டியில், பெல்ஜிய இளம் வீராங்கனை ஒருவருக்காக வைக்கப்பட்டிருந்த மிதிவண்டியின் சட்டத்தினுள் மறைக்கப்பட்ட மோட்டார் கண்டறியப்பட்டது. அவருக்கு ஆறு ஆண்டுகள் தடை விதிக்கப்பட்டது.

இரு நாடுகளின் ஆதிக்கம்

2012ஆம் ஆண்டு கொக்சைடு மணல்மேடுகளில் நடந்த ஆடவர் போட்டியில் முதல் ஏழு இடங்களையும் பெல்ஜியரே பிடித்தனர். பெண்கள் பிரிவில் 2020, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் மூன்று பதக்கங்களும் நெதர்லாந்துக்கே சென்றன. ஒரு நாடு அனுப்பக்கூடிய வீரர் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால், இவ்விரு நாடுகளின் அணியில் இடம்பிடிப்பதே கடினமாகிறது. ஐரோப்பாவுக்கு வெளியே முதல் உலகப் போட்டி 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூயிவில் நகரில் நடந்தது. ஓகியோ ஆற்றின் வெள்ள அச்சத்தால் அப்போட்டிகள் அனைத்தும் ஒரே நாளில் முடிக்கப்பட்டன. அண்மைக் காலத்தில் சேர்க்கப்பட்டுள்ள கலப்புத் தொடரோட்டத்தில் மட்டும் ஆடவரும் பெண்டிரும் ஓர் அணியாகவே ஓட்டுகின்றனர். பதக்கமும் அணிக்கே வழங்கப்படுகிறது.

ஆசியாவும் இந்தியாவும்

ஆசியாவில் சப்பான் நெடுங்காலமாக உலகப் போட்டிகளுக்கு வீரர்களை அனுப்பி வருகிறது. இந்தியாவின் மிதிவண்டி விளையாட்டு வேறு திசையில் வளர்ந்தது. ஆசிய விளையாட்டுக்களிலும் ஒலிம்பிக்கிலும் இடம்பெறும் ஓடுதளப் பந்தயத்துக்கே இங்கு முதன்மை தரப்பட்டது. அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சேர்ந்த ஈசோ ஆல்பென் 2018ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் கெய்ரின் பிரிவில் வெள்ளி வென்றார். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் இந்திய இளையோர் அணி குழு விரைவோட்டத்தில் தங்கம் வென்றது. சைக்ளோ-கிராஸ் கோடைக்கால ஒலிம்பிக்கில் இல்லை. அதனைக் குளிர்கால ஒலிம்பிக்கில் சேர்க்க வேண்டும் என்று பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியத்தின் தலைவர் டேவிட் லாப்பார்தியான் வலியுறுத்தி வந்துள்ளார். பனியிலோ உறைபனியிலோ ஆடப்படும் விளையாட்டுக்களுக்கே அங்கு இடம் என்னும் ஒலிம்பிக் சாசன விதி இக்கோரிக்கைக்குத் தடையாக இருந்து வந்துள்ளது.