வராத அஞ்சலும் திறவாத கோப்பும்

ஒரு நாள் காலை, தாயும் மகளும் எங்கள் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவின் முன் வந்து நின்றனர். தாயின் கழுத்தில் இருந்த சிறு கட்டியிலிருந்து ஊசி மூலம் எடுத்த மாதிரி, வெளி ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டிருந்தது. அறிக்கை ஐந்து நாள்களில் மின்னஞ்சலில் வந்துவிடும் என்று அங்கே கூறியிருந்தனர். பன்னிரண்டு நாள்களாகியும் வரவில்லை. கெட்ட செய்தி என்பதால்தான் அனுப்பாமல் வைத்திருக்கிறார்கள் என்று அந்த அம்மையார் தமக்குள் முடிவு செய்துவிட்டார். உணவு இறங்கவில்லை, உறக்கம் இல்லை என்று மகள் கூறினார்.

மகளின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தோம். அறிக்கை ஐந்தாம் நாளே வந்து, ஸ்பேம் என்னும் பகுதியில் கிடந்தது. தொட்டால் கடவுச்சொல் கேட்டது. அதையும் கடந்து திறந்து, மருத்துவரிடம் காட்டச் செய்தோம். புற்றுநோய்க்கான அறிகுறி எதுவும் இல்லை என்று அவர் விளக்கினார். நல்ல செய்தி கைப்பைக்குள்ளேயே இருக்க, அதை அறியாமல் ஒரு குடும்பம் ஏழு நாள்கள் கலங்கியிருந்தது. செய்தி வேறாக இருந்திருந்தால், சிகிச்சையில் அந்த ஏழு நாள்களும் வீணாகியிருக்கும்.

இவ்வாறு வந்து கேட்போரிடம் நாங்கள் நாள்தோறும் சொல்லுபவற்றை இங்கே தொகுத்துள்ளோம். கணினிப் பயிற்சி இல்லாதவரும் செய்யக்கூடியவையே இவை.

அறிக்கை வரவில்லையெனில்

முதலில், பதிவின்போது கொடுத்த முகவரி சரியாக எழுதப்பட்டுள்ளதா என்று கேட்டறியுங்கள். வரிசையில் நின்றுகொண்டு வாயால் சொல்லும் முகவரியில் ஓரெழுத்து மாறுவது மிக எளிது. அவ்வாறு மாறிய முகவரி வேறொருவருக்கு உரியதாயின், உங்கள் உடல்நிலை பற்றிய அறிக்கை முன்பின் அறியாதவரிடம் சென்று சேரும். ஆகவே முகவரியைத் தாளில் எழுதிக் கொடுங்கள். பதிவு செய்தவரைத் திரும்பப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஜிமெயில் முகவரியில் பெயரின் நடுவே வரும் புள்ளி விடுபட்டாலும் அஞ்சல் வந்து சேரும். எழுத்தோ எண்ணோ மாறினால் சேராது.

அடுத்து, ஸ்பேம் பகுதியைத் திறந்து பாருங்கள். முன்பு தொடர்பில்லாத முகவரியிலிருந்து இணைப்புடன் வரும் அஞ்சலை, வேண்டாத விளம்பரம் என்று மென்பொருள் தவறாகக் கருதுவதுண்டு. தேடல் கட்டத்தில் ஆய்வகத்தின் பெயரை இட்டுத் தேடினாலும், ஜிமெயில் பொதுவாக ஸ்பேம் பகுதிக்குள் தேடுவதில்லை. அதைத் தனியாகத்தான் திறந்து பார்க்க வேண்டும். அங்கே கிடப்பவை 30 நாள்களில் தாமாகவே அழிக்கப்படும். அறிக்கை அங்கு இருந்தால், அது ஸ்பேம் அன்று என்று குறித்துவிடுங்கள். அனுப்பியவரின் முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேருங்கள். அடுத்த அறிக்கை நேரே வருவதற்கு அது உதவும்.

மூன்றாவது, இடம் நிரம்பியிருத்தல். கூகுள் கணக்கில் கட்டணமின்றிக் கிடைக்கும் 15 ஜிபி இடம் அஞ்சலுக்கு மட்டும் உரியதன்று. ஒளிப்படங்களும் டிரைவில் சேமித்த கோப்புகளும் அதனையே பங்கிட்டுக்கொள்கின்றன. பேரனின் பிறந்தநாள் காணொளிகளால் இடம் நிரம்பினால், தாத்தாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கை உள்ளே வர இயலாமல் அனுப்பியவருக்கே திரும்பும். வேண்டாதவற்றை அழித்த பின், குப்பைத் தொட்டிப் பகுதியையும் காலி செய்தால்தான் இடம் விடுபடும்.

இவை யாவும் சரியாக இருந்தும் அஞ்சல் தென்படவில்லையெனில், திரையை மேலிருந்து கீழாக இழுத்துப் புதுப்பியுங்கள். மின்கலச் சேமிப்பு முறை இயங்கும்போது சில கைப்பேசிகளில் அஞ்சல் தானாக வந்து சேராது.

கோப்பு திறக்கவில்லையெனில்

அறிக்கைகள் பெரும்பாலும் பிடிஎஃப் என்னும் வடிவில் வருகின்றன. அடோபி நிறுவனம் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட இவ்வடிவம், 2008இல் பன்னாட்டுத் தர அமைப்பின் பொதுத் தரமாக ஆயிற்று. ஆகவே இதைத் திறக்கக் குறிப்பிட்ட ஒரு செயலிதான் வேண்டும் என்பதில்லை. கணினியில் குரோம், எட்ஜ் போன்ற உலாவிகளே திறந்து காட்டும். ஐபோன் தானே திறக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகுள் டிரைவ் செயலி போதும். ஒரு செயலி பணம் கேட்டாலோ விளம்பரமாகக் கொட்டினாலோ, அதை விட்டு வேறொன்றில் திறக்கலாம்.

‘கோப்பு பழுதடைந்துள்ளது’ என்ற செய்தி வந்தால் அஞ்ச வேண்டா. பெரும்பாலும் பதிவிறக்கம் பாதியில் நின்றிருக்கும். அந்தக் கோப்பை அழித்துவிட்டு, இணைய இணைப்பு நன்றாக உள்ள இடத்தில் மீண்டும் பதிவிறக்கிப் பாருங்கள். மருத்துவமனையின் அடித்தளத்திலும் கதிரியக்கப் பிரிவின் தடித்த சுவர்களுக்கு அருகிலும் சிக்னல் குறைவு என்பதை நினைவிற்கொள்ளுங்கள். சில ஆய்வகங்கள் கோப்புக்கு மாறாக இணைய முகவரி ஒன்றை மட்டும் அனுப்புகின்றன. அது சில நாள்களில் செயலிழந்துவிடக் கூடும் என்பதால், வந்த அன்றே பதிவிறக்கி வைப்பது நலம்.

கடவுச்சொல் கேட்கிறதெனில், அது உங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல் அன்று. அறிக்கைக்கென ஆய்வகம் இட்ட பூட்டு. அதற்கான திறவுகோல் பெரும்பாலும் அந்த அஞ்சலிலேயே எழுதப்பட்டிருக்கும்: பெயரின் முதல் சில எழுத்துகளும் பிறந்த ஆண்டும், அல்லது கைப்பேசி எண்ணின் இறுதி இலக்கங்கள் என்பது போல. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கவனியுங்கள். முதியோர் பலர் பதிவின்போது வயதை மட்டுமே கூறியிருப்பர். அவ்வாறாயின் பதிவேட்டில் உள்ள பிறந்த ஆண்டு உண்மையான ஆண்டாக இராது. மேற்கண்ட அம்மையாரின் அறிக்கை திறவாமல் போனதும் இதனால்தான். ரசீதில் பெயரும் வயதும் எவ்வாறு அச்சிடப்பட்டுள்ளன என்று பார்த்து, அதன்படி இட்டுப் பாருங்கள்.

தமிழ் எழுத்துகள் கட்டங்களாகவோ உடைந்த குறிகளாகவோ தெரிந்தால், அக்கோப்பினுள் எழுத்துரு சேர்க்கப்படவில்லை என்று பொருள். வேறு செயலியிலோ கணினியிலோ திறந்து பாருங்கள். அப்போதும் தெளிவாகவில்லையெனில் அனுப்பியவரிடம் மீண்டும் கேளுங்கள். மருந்தின் அளவையோ உண்ணும் வேளையையோ ஒருபோதும் ஊகித்துப் படிக்காதீர்கள்.

திறந்த பின் பார்க்க வேண்டியவை

கோப்பு திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவது இயல்பு. ஆயினும் பெரும் பிழைகள் நேர்வது இதற்குப் பின்னர்தான். ஒரே பெயருள்ள கோப்புகளைப் பலமுறை பதிவிறக்கினால், அவை ஒன்று, இரண்டு என எண்ணிடப்பட்டு அடுத்தடுத்துக் கிடக்கும். மருத்துவர் முன் அமர்ந்த அவசரத்தில் சென்ற மாத அறிக்கையைத் திறந்து காட்டினால், மருந்தின் அளவே மாறிப்போகலாம். எனவே பதிவிறக்கிய உடனே நோயாளியின் பெயர், பரிசோதனை, நாள் ஆகியவற்றைக் கோப்பின் பெயராக மாற்றுங்கள். காட்டும்முன் மேலே உள்ள பெயரையும் மாதிரி எடுத்த நாளையும் ஒருமுறை படியுங்கள்.

கடைசிப் பக்கம்வரை செல்லுங்கள். முதல் பக்கத்தை மட்டும் திரைப்படமாக எடுத்து அனுப்புவோர் பலர். முடிவுரை பெரும்பாலும் இறுதியில்தான் இருக்கும். கிருமி வளர்ப்புப் பரிசோதனையில் முதலில் இடைக்கால அறிக்கையும், சில நாள்கள் கழித்து இறுதி அறிக்கையும் வருவதுண்டு. எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்னும் பட்டியல் பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கும். முதல் அறிக்கை வந்ததும் அஞ்சலைப் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ ஆகியவற்றில் பிடிஎஃப் கோப்பு என்பது கதிரியக்க மருத்துவரின் எழுத்துரை மட்டுமே. படங்கள் டைகாம் என்னும் வேறு வடிவில், குறுந்தகட்டிலோ இணைய இணைப்பாகவோ வரும். அவற்றைப் பிடிஎஃப் செயலி திறக்காது, அது பழுதன்று. இரண்டாவது கருத்துக் கேட்கச் செல்லும்போது அறிக்கையுடன் குறுந்தகட்டையும் கொண்டு செல்லுங்கள். அதிலிருந்து ஒன்றிரண்டு கோப்புகளை மட்டும் பிரித்தெடுத்து அனுப்பினால் பயனில்லை; முழுமையாக வேண்டும்.

அனுப்பும்போதும் அச்சிடும்போதும்

காப்பீட்டுக் கோரிக்கைக்காக ரசீதுகளை அனுப்பும்போது, அஞ்சல் திரும்பி வந்துவிடுகிறது என்று பலர் வருந்துகின்றனர். ஜிமெயிலில் ஓர் அஞ்சலுடன் 25 எம்பி அளவுக்கு மேல் இணைக்க இயலாது. அனுப்பும்போது கோப்புகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருகுவதால், அதற்குக் குறைவானவையும் சில வேளை திரும்பி வரும். அளவு மீறினால் ஜிமெயில் கோப்பை டிரைவில் ஏற்றி, இணைய முகவரியாக மாற்றிவிடும். பார்ப்பதற்கான அனுமதியை நீங்கள் வழங்காவிட்டால் எதிர்முனையில் உள்ளவரால் திறக்க இயலாது. கோரிக்கை அங்கேயே தேங்கும். ரசீதுகளைக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து, இரண்டு மூன்று அஞ்சல்களாகப் பிரித்து அனுப்புவதே எளிய வழி. ஒவ்வோர் அஞ்சலின் தலைப்பிலும் நோயாளியின் பெயர், கோரிக்கை எண், எத்தனையில் எத்தனையாவது அஞ்சல் என்பவற்றை எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் அறிக்கையை அனுப்புவதாயின், திரையைப் படம் பிடித்து அனுப்பாமல் பிடிஎஃப் கோப்பையே ஆவணமாக இணையுங்கள். படமாக அனுப்பும்போது அளவு குறுக்கப்பட்டு எண்கள் மங்கும். 1.8 என்பதும் 18 என்பதும் ஒன்றுபோலத் தோன்றினால் விளைவு என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அச்சில் ஓரம் வெட்டுப்பட்டால், தாளின் அளவு ஏ4 என்றும் பக்கத்துக்குப் பொருத்துக என்றும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜெராக்ஸ் கடையிலோ பிரவுசிங் சென்டரிலோ அச்செடுத்தால், புறப்படும்முன் உங்கள் அஞ்சல் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். பதிவிறக்கிய கோப்பையும், கடைக்காரரின் எண்ணுக்கு அனுப்பிய கோப்பையும் உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். இதில் தயக்கம் வேண்டா. அது உங்கள் உரிமை.

போலி அறிக்கைகள்

கவலையில் இருப்போரை ஏமாற்றுவது எளிது என்பதை மோசடிக்காரர்கள் நன்கு அறிவர். அறிக்கை என்ற பெயரில் வரும் கோப்பின் இறுதியில் ஏபிகே என்னும் மூன்றெழுத்து இருந்தால், அது ஆவணம் அன்று. கைப்பேசியில் நிறுவப்படும் செயலி. குறுஞ்செய்திகளைப் படித்து வங்கிக் கணக்கைக் காலி செய்யும் செயலிகள் இவ்வாறுதான் நுழைகின்றன. அதைத் தொடாதீர்கள். அறிக்கையைக் காண ஓடிபி எண்ணைத் தொலைபேசியில் சொல்லுங்கள் என்று எவரேனும் கேட்டால் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ரசீதில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். பணம் இழந்திருந்தால் தாமதியாமல் 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணில் தெரிவியுங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

பல குடும்பங்களில் நோயாளி ஓரூரில் இருக்க, பதிவில் உள்ள முகவரி வேற்றூரில் பணிபுரியும் மகனுடையதாகவோ மகளுடையதாகவோ உள்ளது. அறிக்கை அவர்களிடம் சென்று கிடக்க, இங்கே தந்தை வெளிநோயாளர் பிரிவில் வெறுங்கையுடன் காத்திருக்கிறார். முகவரிக்கு உரியவர் யார், அவர் பார்த்தவுடன் யாருக்கு அனுப்புவார் என்பதை முன்னரே பேசி வையுங்கள். அருகில் இருப்பவரின் முகவரியையும் சேர்த்துக் கொடுக்க இயலுமா என்று ஆய்வகத்தில் கேளுங்கள். கைப்பேசி எண்ணை மாற்றினால், பழைய எண் கையில் இருக்கும்போதே அஞ்சல் கணக்கில் புதிய எண்ணைப் பதியுங்கள். இல்லையேல் கடவுச்சொல்லை மறந்த நாளில், அதை மீட்பதற்கான ஓடிபி பழைய எண்ணுக்கே செல்லும். முதன்மையான அறிக்கைகளின் அச்சுப் படி ஒன்றைக் கோப்புறையில் வைத்திருங்கள். மின்கலம் தீர்ந்த கைப்பேசியால் மருத்துவருக்குப் பயனில்லை.

இவற்றைவிட இன்றியமையாத ஒன்று உண்டு. அறிக்கை எந்நாளில் வரும் என்று மாதிரி கொடுக்கும்போதே கேட்டு, ரசீதின் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள். அந்நாள் கடந்தால் மறுநாளே தொலைபேசியில் அழையுங்கள், அல்லது நேரில் வாருங்கள். அஞ்சல் வராததற்குப் பொருள் நல்ல செய்தியும் அன்று, கெட்ட செய்தியும் அன்று. அஞ்சல் வரவில்லை என்பது மட்டுமே. உடல்நிலை மோசமானால் எந்த அறிக்கைக்காகவும் காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

கைப்பேசியைப் பற்றிக் கேட்பதற்கு நாணிப் பலர் திரும்பிப் போய்விடுகின்றனர். அந்த அம்மையாரும் மகளும் இரண்டு முறை எங்கள் வாயில்வரை வந்து திரும்பியதாகப் பின்னர் கூறினர். ‘இதைக் கேட்டால் சிரிப்பீர்களோ என்று நினைத்தோம்’ என்றார் தாய். நாங்கள் சிரிப்பதில்லை. கையில் கைப்பேசியும் ரசீதும் இருந்தால் போதும். வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.